செவலைக்குச் சத்தம் பழக்கியது

"நாய் செவலை, சரி. காலு என்ன கலரு கண்ணு?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

நல்லூரை விட்டு நடக்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. ஓடைக்கரையிலேயே வந்து, கரை முள்ளும் குப்பையுமாக அடைபட்ட இடத்தில் ரோட்டுக்கு ஏறி, வீரபாண்டிப் பக்கம் திரும்பியிருந்தேன். ஒரு செருப்பு ஓடைச் சேற்றில் போய்விட்டது. இன்னொன்றை நானே கழற்றி எறிந்துவிட்டேன். கடை கடையாக நின்று, செவலை நாய் ஒன்று, கழுத்தில் பெல்ட் இல்லாமல், இந்தப் பக்கம் ஓடி வந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

அவர் கேட்டது கிண்டல் இல்லை. திருப்பூரில் வளர்ந்த என் வயசுக்காரர்களுக்கு அது தெரியும். அப்போதெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடையில் எந்த நிறத்தில் வருகிறதோ, அதுவே அந்தப் பக்கத்து நாய்களின் கால் நிறம். காலையில் சிவப்பு திறந்துவிட்டால் சிவப்புக் கால், மத்தியானம் நீலம் திறந்துவிட்டால் நீலக் கால். அடையாளம் சொல்ல அது போதும். என்னிடம் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்படி வளர்ந்த நாம் எல்லோரும் வயசுக்கு முன்னாலேயே கிழடு தட்டிப் போனவர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனி கம்பெனியாக மாறியவர்கள். சாதாரணமாகப் பேசினாலே கத்துகிறோம். யாராவது மெல்லப் பேசினால் அவர்கள் வாயைப் பார்க்கிறோம். நான் ஈரோடு, சூரத், லூதியானா என்று எங்கெங்கோ சுற்றிவிட்டேன். எங்கே இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றால் எனக்கு முதுகு சிலிர்க்கிறது. அந்தப் பயம் என்னுடையது இல்லை. அந்த நாயிடமிருந்து எனக்கு ஒட்டியது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து சேர்ந்த வருஷம் அது. அப்பாவுக்கு நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. கேட்டை ஒட்டி ஒரு ரூம் கொடுத்தார்கள். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில் செக்கிங். பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஏழாவதைப் பாதியில் விட்டு வந்த என்னை, இங்கே பள்ளிக்கூடத்தில், ஜூன் மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஜூன் வந்தது. என்னைச் சேர்க்க வேண்டிய அன்றைக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பகலெல்லாம் நான் காம்பவுண்டுக்குள்ளேயே கிடந்தேன். நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள்தான் என் விளையாட்டுச் சாமான். அகலமான பக்கத்தில் ஒரு கலர் வளையம் போட்டிருக்கும். குறுகிய பக்கத்தில் வாயை வைத்து ஊதினால் மாடு கத்துவதுபோல வரும். ஒரு மூட்டை நிறைய வைத்திருந்தேன். ஹாலுக்குள் உருளை உருளையாக மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெய் வாசமும் பஞ்சுத் தூசியுமாக இருக்கும். வெளியே வருகிற ஆட்களுக்குப் புருவமெல்லாம் நரைத்திருக்கும்.

முதலாளியின் தோட்டத்தை சைட் போட்டு விற்றபோது அங்கே இருந்த மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினார்கள். நாயை யாரும் வாங்கவில்லை. டெம்போவில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள்.

"ஏப்பா வாட்ச்மேன், நூல் மூட்டை களவு போகுதுன்னியே, இந்தா, தொணைக்கு ஒரு ஆளு" என்றார் முதலாளி.

நல்ல உயரமான நாய். தோட்டத்தில் கிணற்று மோட்டாரைத் தவிர வேறு சத்தம் கேட்டிராத நாய். ஹாலின் இரைச்சலுக்கே அது முதல் நாள் எங்கள் ரூம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் கரண்ட் போனது.

கரண்ட் கட் தலைவிரித்து ஆடிய வருஷம் அது. எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் ஹால் முழுக்க ஒரே மூச்சில் அடங்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் ஜெனரேட்டர் பிடிக்கும். தகரக் கூரை, கேட்டு, எங்கள் ரூமில் இருக்கிற தட்டு டம்ளர் எல்லாம் ஆடும். அன்று செவலை கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடியது. பொழுது சாயத்தான் திரும்பி வந்தது. நான்கு காலும் வயிறும் கருநீலம்.

ஓடைப் பாலத்துக்கு அடியில் போய் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு கரண்ட் போனபோதெல்லாம் அங்கேதான். ஓடிப் போனதை மறைக்க அதற்கு வழியே இல்லை. சாயமே காட்டிக்கொடுத்துவிடும். மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் அண்ணனுக்கு அது தினசரி வேடிக்கை.

"டேய், இன்னைக்கு மெரூனு. நேத்து நேவி புளூ. இதுக்கு ஷேடே செட் ஆக மாட்டேங்குது போ."

முதலாளி சிரிக்கவில்லை. கேட்டில் நிற்காத நாய் எதற்கு என்றார். ஆயுத பூஜைக்குள் அது ஒழுங்காக நிற்கவில்லை என்றால் லாரியில் ஏற்றிப் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது இறக்கிவிட்டுவிடச் சொன்னார். அந்த வருஷம் வெளிநாட்டு மெஷின் புதிதாக ஒன்று வந்திருந்தது. பூஜைக்குச் சொந்தக்காரர்கள், சரக்கு வாங்குகிற பையர் ஆபீஸ்காரர்கள் எல்லாம் வருவார்கள். அவர்கள் கண்ணெதிரில் சாயக் காலோடு நாய் ஓடினால் மானக்கேடு.

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். செவலையை ஜெனரேட்டர் ஷெட்டுத் தூணிலேயே கட்டிப் போட்டார்.

"எத்தன நேரம் துள்ளும்? பழகிரும்" என்றார்.

"ஆமாங்க, பழகிக்கும்" என்றார் ஃபிட்டர் அண்ணன். "நானெல்லாம் முதல் நாள் ஹாலுக்குள்ள வந்து வாந்தி எடுத்தவன். இப்ப மெஷின் நின்னாத்தான் தூக்கம் போகுது."

ஜெனரேட்டர் ஓடி முடிந்தபோது செவலை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், கயிறு அறுத்த கழுத்தோடு, கண்ணைத் திறந்தபடி கிடந்தது. நாக்கில் மண். இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைத்தான் எல்லோரும் அமைதியாகிவிட்டது என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. தேடினால், பின்மூலை ஷெட்டில் இருந்தது. அந்த ஷெட்டை முதலாளி ஒரு வேஸ்ட் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கூரை வரைக்கும் பனியன் துணி வெட்டி மிஞ்சிய வேஸ்ட் மூட்டைகள். உள்ளே போனால் காதில் பஞ்சு அடைத்ததுபோல இருக்கும். நான் நிற்கும்போதே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அங்கே அது எங்கோ தூரத்தில் போகும் லாரி மாதிரிதான் கேட்டது. செவலை நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. என் கையில் இருந்த பன்னில் ஒரு துண்டைப் போட்டேன். தின்றது. கேட்டுப் பக்கம் ஆட்டெலும்பு போட்டாலும் மோந்து பார்க்காத நாய் அது.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பொந்து மாதிரி செய்து, நூல் சாக்கு ஒன்றை விரித்து, அதையே அதற்குப் படுக்கையாக்கினேன். ஒரு கோனை எடுத்து, மூட்டைக்குப் பின்னால் போய், கேட்டும் கேட்காமலும் ஊதுவேன். அது காதைத் திருப்பும். ஒரு துண்டு பன். இன்னும் கொஞ்சம் பலமாக ஊதுவேன். இன்னொரு துண்டு. அது எழுந்துவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

பன் அம்மாவுடையது. தையல் கம்பெனியில் நாலு மணி டீயோடு ஒரு பன் தருவார்கள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "நா ரெண்டு தின்னுட்டேன், இது மிச்சம்" என்பாள். ஒருவருக்கு ஒன்றுதான் தருவார்கள் என்பது நானே அப்படி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. செவலைக்கு உதறல் எடுப்பது ஜெனரேட்டர் பிடிக்கிறபோது இல்லை, அதற்கு முன்னால். மெஷின்கள் நின்று ஒன்றும் கேட்காமல் போகிறதே, அந்தக் கொஞ்ச நேரத்தில். அடுத்து வரப்போவது என்ன என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது. அதனால் பன்னை அந்த இடைவெளியில் கொடுக்கத் தொடங்கினேன். ஹால் அடங்கியதும் நான் சாக்கைத் தட்டுவேன். அது வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்க்கும். தின்று முடிக்கும்போது ஜெனரேட்டர் பிடிக்கும். மறுபடி ஒரு துண்டு.

அப்புறம் சாக்கை ஷெட்டு வாசலுக்கு இழுத்தேன். அங்கே உட்காரப் பழகியதும் ஹால் சுவர் ஓரம். பிறகு தண்ணீர்த் தொட்டி. ஒரு நாள் எழுந்து ஓடினால் சாக்கு மறுநாள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

"என்றா இது, நாய்க்கு டியூசனா?" என்பார் ஃபிட்டர் அண்ணன். "பள்ளிக்கூடம் போகாதவன் வாத்தியாராயிட்டான். செவலை, ஏ பி சி டி சொல்லு பாக்கலாம்."

"அது பாஸ் ஆயிரும்ணே. நீங்க இந்த வருசமும் பெயிலு" என்றேன் ஒரு நாள். அவர் எண்ணெய்த் துணியை உருட்டி என் மேல் எறிந்தார்.

பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சாக்கு கேட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று கரண்ட் போனது. செவலை தானாகவே வந்து சாக்கில் உட்கார்ந்தது. பின்னால் ஜெனரேட்டர் பிடித்தது, கேட்டு தடதடவென்று ஆடியது. செவலை ஒரு முறை திரும்பிப் பார்த்தது, என் உள்ளங்கையை நக்கியது, உட்கார்ந்தே இருந்தது. அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். தன் டீயில் பாதியைச் சிரட்டையில் ஊற்றி அதன் முன்னால் வைத்தார். என் வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்து முடித்த காரியம் என்று ஒன்றைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதலாளி வந்து பார்த்தார். "அட, பரவால்லையே. கால் சுத்தமா இருக்குது" என்றார். லாரிப் பேச்சு நின்றது.

ஆயுத பூஜை அன்று திருப்பூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க ஓடிய ஊர் அன்றைக்கு வாயை மூடும். ஒரு தெருவிலும் மெஷின் சத்தம் கேட்காது. மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரியும் கடலையும் மூட்டையாக இருந்தது. ஆட்கள் குளித்துப் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது.

செவலை காலையிலிருந்தே சாக்கில் உட்கார்ந்திருந்தது. மெஷின்கள் நின்றுவிட்டன, ஆகவே அடுத்தது வரும் என்று அதன் கணக்கு. நான் பன் கொடுத்தேன். தின்றுவிட்டு ஜெனரேட்டரைப் பார்த்தது. சத்தம் வரவில்லை. பொரி கொடுத்தேன். மறுபடி பார்த்தது. மத்தியானம் வரைக்கும் அப்படியே. முதுகு விறைத்து, காது பின்னால் படிந்து, வாயோரம் எச்சில் ஒழுக, வராத சத்தத்துக்காக அது காத்துக்கொண்டிருந்தது. அடிக்கடி கொட்டாவி விட்டது. பயம் முற்றினால் அது கொட்டாவி விடும் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஷெட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். இடத்தை விட்டு எழவே இல்லை.

பூஜை முடிந்து விருந்தாளிகள் வெளியே வந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் சரவெடியை விரித்திருந்தார்கள். முதலாளி செவலையைக் காட்டி எல்லோரிடமும் சொன்னார்.

"இது எங்க தோட்டத்து நாயிங்க. வந்தப்ப ஜெனரேட்டர் போட்டாப் போதும், ஓடைக்கு ஓடீரும். இப்பப் பாருங்க, சிங்கமாட்டம் உக்காந்துட்டு. கொட்டாவி உடுது பாருங்க! ஏப்பா வாட்ச்மேன், அதைக் கேட்டுத் தூணுல கட்டு. அது பக்கத்துலயே வெடியப் பத்த வெக்கட்டும். அசையுதான்னு பாக்கலாம்."

நான் ஓடிப் போய் அவர் முன்னால் நின்றேன். "கட்டாதீங்க மொதலாளி. ஜெனரேட்டர் சத்தந்தான் அதுக்குப் பழக்கம். வெடி வேற."

"சத்தம்னா எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. பயப்படாத. உன்ற கெட்டிக்காரத்தனத்த நாலு பேரு பாக்கட்டும்."

"மொதலாளி, இன்னைக்கிக் காலையிலேர்ந்தே அது…"

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. "ஏல, மொதலாளி சொல்லுதாவல்லா. வாயப் பொத்து."

அப்பாதான் கட்டினார். ஜெனரேட்டர் தூணில் கட்டியபோது செவலை எப்படிக் கிடந்தது என்று அவர் பார்த்தவர். சங்கிலியை மாட்டிவிட்டு, அதன் கழுத்துப் பெல்ட்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குந்தினார். என்னை ஒரு முறை பார்த்தார். வேண்டாம் என்று அவர் அன்று சொல்லியிருந்தால் அந்த ரூம் போயிருக்கும். இப்போது அது எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஃபிட்டர் அண்ணன் ஊதுவத்தியால் திரியைத் தொட்டார்.

முதல் வெடிக்கே செவலை துள்ளியது. சங்கிலி இழுத்து மல்லாந்து விழுந்தது. எழுந்து மறுபடி ஓடியது, மறுபடி விழுந்தது. கத்தியிருக்கும், எதுவும் கேட்கவில்லை. புகைக்குள் அப்பா அதைக் கட்டிப்பிடிப்பது தெரிந்தது. அமுக்கப் பார்த்தாரா, அவிழ்க்கப் பார்த்தாரா என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை. அது அவர் மணிக்கட்டைக் கவ்வியது. அவர் கை விலகியதும் தலையைப் பெல்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு, வெடித்துக்கொண்டிருந்த சரத்தின் மேலேயே மிதித்து ரோட்டுக்கு ஓடியது.

வெடி தீர்ந்தது. சிவப்புக் காகிதக் குப்பை, மருந்து நெடி, புகை. விருந்தாளி ஒருவர் சிரித்தார். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். தூணில் சங்கிலியும் பெல்ட்டும் தொங்கின. சாக்கில் பொரி சிதறியிருந்தது.

"போச்சாது உடு. கடிக்கற நாயி நமக்கு எதுக்கு?" என்றார் முதலாளி. "வாட்ச்மேன், போய் ஊசி போட்டுக்கோ." பிறகு என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்த்து ஏதாவது நல்லது செய்ய நினைத்திருக்க வேண்டும். "பையன் பொறுமைசாலியப்பா. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. ஹாலுக்குள்ள ஹெல்ப்பரா உட்ரலாம். ஏன் சும்மா திரியறான்? சத்தம் ஒத்துக்குமா அவனுக்கு?"

அப்பா துண்டால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். துண்டு நனைந்துவிட்டது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பழகிரும் மொதலாளி."

நான் அப்போது நடக்கத் தொடங்கியவன்தான்.

முதலில் ஓடைப் பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே இல்லை. தெரிந்த இடம் என்று ஒன்று இனி அதற்கு இல்லை போலிருக்கிறது. ஓடையில் சாயமும் இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள் பட்டறைகளுக்கும் பூஜை, அவர்களும் திறந்துவிடவில்லை. சோப்பு நுரையும் கறுத்த சாக்கடையும்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடிப் போன நாளெல்லாம் அதைக் காட்டிக்கொடுத்த சாயம், அதைத் தேட வேண்டிய நாளில் இல்லை.

அதனால்தான் வீரபாண்டி டீக்கடையில் வாய் திறக்காமல் நின்றேன்.

"கலரு தெரியாமத் தேடுனா எப்படிக் கண்ணு சிக்கும்?" என்றார் அவர். "இந்தப் பக்கம் நூறு செவலை திரியுது. இந்தா, டீயக் குடி. குடிச்சுட்டு ஊட்டுக்குப் போ."

டீயோடு ஒரு பன்னும் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டுப் பன்னைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகவில்லை. பல்லடம் ரோட்டில் மேலும் நடந்தேன். இருட்டுகிற வரைக்கும் கேட்டேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். அருள்புரத்தில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனிக்கு வெளியே வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதன் இடுக்கில் படுத்தேன். சத்தமே இல்லை.

விடிந்ததும் பன்னை நானே தின்றேன்.

கேட்டைத் திறக்க வந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து விரட்டவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தன் வாசலில் வந்து நிற்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

"வேலைக்கா கண்ணு? வயசு கேட்டாப் பதினஞ்சுன்னு சொல்லோணும், சரியா?"

"சரிங்க."

உள்ளே கூட்டிப்போய், சுவரோரம் தகரக் கூரைக்கு அடியில் நின்ற ஜெனரேட்டரைக் காட்டினார். கரண்ட் போனால் ஓடி வந்து ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், அது ஓடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று டீசல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"சத்தம் காதை அடைக்கும். தாங்குவியா?"

"பழகிருங்க" என்றேன்.

அன்று பத்து மணிக்கெல்லாம் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன. நான் ஓடிப் போய் ஹேண்டிலைப் பிடித்தேன்.